புது வண்டியின் தீரா ஒழுக்கு

தமிழ் பயிலும் மாணவர் யாப்பையும் அணியையும் விடுத்து, மோட்டார் வண்டியின் ரேடியேட்டரைப் பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கு என இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவுதல் கூடும். வினா நேரியதே. எம் குடும்பத்தில் ஒருவருடைய பிழைப்பு, ஏறக்குறைய ஓராண்டு காலம், ஊசி முனையளவான துளைகளின் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. அத்துளைகளின் காரணத்தைத் தேடிய வழியில் யாம் அறிந்தவை வண்டி வைத்திருப்பார் அனைவர்க்கும் பயன்படும் என்பது ஒன்று. ஒரு பழுது மீண்டும் மீண்டும் நேருமாயின் அதனை எங்ஙனம் ஆராய்தல் வேண்டும் என்பதனை அது எமக்குக் கற்பித்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணங்களாம்.

எம் சிற்றப்பா பாளையங்கோட்டையில் வாடகை வண்டி ஓட்டி வாழ்பவர். எம் பாட்டனாரும் அத்தொழிலினரே. 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார் ஒன்றை அவர் நெடுங்காலம் ஓட்டினார். சிற்றப்பா வங்கியிற் கடன் பெற்று, பன்னிருவர் அமரத்தக்க புதிய வேன் ஒன்று வாங்கினார். வாங்கிய பதினான்காம் மாதத்தில், திருமண வீட்டாரை ஏற்றிக்கொண்டு இரவில் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறுங்கால், வண்டியின் முன்புறத்தினின்று வெள்ளாவி எழுந்தது. ரேடியேட்டர் ஒழுகியிருந்தது. பட்டறையினர் உத்தரவாதத்தின்படி விலையின்றிப் புதியது மாற்றிக் கொடுத்தனர். ஐந்து மாதங்கள் சென்றன, மீண்டும் ஒழுக்கு. இம்முறை உள்ளிருந்த நீரைச் சோதித்த பட்டறையினர், 'நீவிர் கிணற்று நீர் ஊற்றியிருக்கின்றீர். ஆதலின் உத்தரவாதம் செல்லாது' என்றனர். சிற்றப்பா தம் கைப்பொருள் கொடுத்து மாற்றினார். பின்னர் அவர்கள் சொன்ன கூலண்ட் அன்றிப் பிறிதொன்றும் ஊற்றினாரல்லர். எனினும் நான்கே மாதங்களில் மூன்றாம் முறையும் ஒழுகிற்று.

பட்டறையினர் சிற்றப்பாவின் மேற் குறை கூறினர். சிற்றப்பா வண்டி செய்தாரைக் குறை கூறினார். வீட்டிலுள்ள பெரியோர், வண்டி வந்த வேளை சரியில்லை என்றனர். மாதந்தோறும் கட்ட வேண்டிய கடன் தவணை மட்டும் எவரையும் குறை கூறாது உரிய நாளில் வந்து நின்றது. "ஐயா, இது வண்டியன்று, என் தலைமேல் ஏறிய கடன். வந்த விலைக்கு விற்றுவிடப் போகின்றேன்" என்று அவர் கூறியபோது, விடுமுறைக்குச் சென்றிருந்த எமக்கு மறுமொழி தோன்றவில்லை. நிற்க.

ஒழுக்கின் காரணத்தை அறியப் புகுவார், ரேடியேட்டர் யாது செய்கின்றது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். எஞ்சினுள் எரியும் எரிபொருளின் வெப்பம் முழுதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஒரு பெரும்பகுதி புகையோடு வெளியேறும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சூழ்ந்து ஓடும் நீரினால் அகற்றப்படல் வேண்டும். அகற்றப்படாவிடின் உலோகம் வளைந்து எஞ்சின் கெடும். எஞ்சினிற் சூடேறிய நீரை ஒரு பம்பு தள்ள, அது ரப்பர்க் குழாய் வழியே முன்புறமுள்ள ரேடியேட்டரை அடைந்து, நுண்ணிய குழல்கள் பலவற்றினூடே பரந்து, எதிர்வரும் காற்றினால் குளிர்ந்து, மீண்டும் எஞ்சினுக்குச் செல்லும். நம் உடலிற் குருதி ஓடுதலை ஒப்ப, இவ்வோட்டம் இடையறாது நிகழும்.

தொடக்க காலத்து வண்டிகளில் இவ்வமைப்பு இல்லை. கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் செய்த வண்டியில் எஞ்சினைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் மனைவியார் பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவருடன் மன்ஹைம் நகரினின்று போர்ட்ஸைம் நகர் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை அவ்வண்டியிற் கடந்தார். வழியிலிருந்த கிணறுகளிலும் ஓடைகளிலும் நீர் முகந்து ஊற்றிக்கொண்டே அவர் செல்ல நேர்ந்தது. பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறிவல்லார் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901-ஆம் ஆண்டில் வெளிப்போந்த மெர்சிடிஸ் வண்டியில் இடம்பெற்ற அதனுள், ஆறு மில்லிமீட்டர் சதுரமான சிறு குழல்கள் 8070 இருந்தன. அக்குழல்களினூடே காற்றுப் புக, அவற்றின் இடையே ஓடிய நீர் குளிர்ந்தது. சிறிது நீரே நெடுந்தொலைவுக்குப் போதுமாயிற்று.

எம் பாட்டனார் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கொண்டு செய்யப்பெற்று, ஈயப் பற்றால் இணைக்கப்பெற்றது. கனமானது, ஒழுகினால் ஊரிலுள்ள பற்றுவேலைக்காரர் அதனைக் கழற்றி, பற்று வைத்துத் தந்துவிடுவார். காலையில் மூடியைத் திறந்து ஒரு செம்பு நீர் வார்ப்பது அக்காலத்து ஓட்டுநரின் நாட்கடன். இக்காலத்து ரேடியேட்டரோ அலுமினியத்தாலாயது. அதன் குழற்சுவர் அரை மில்லிமீட்டரினும் மெல்லியது. இரு புறமும் உள்ள நீர்த்தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கினால் ஆயவை. இடையே ரப்பர்ப் பட்டை வைத்து, அலுமினிய விளிம்பை மடித்து இறுக்கப்பெற்றவை. எடை குறைவு, விலை குறைவு, குளிர்விக்கும் ஆற்றல் மிகுதி. இவை இதன் நலன்கள். பற்று வைக்க இயலாமையும், தனக்கேற்ற திரவத்தையன்றிப் பிறவற்றைப் பொறாமையும் இதன் குறைகள். செம்பினுக்குச் செய்த பணிவிடையே அலுமினியத்திற்குத் தீங்காய் முடியும் என்பதனை எம் சிற்றப்பா அறிந்திலர். தந்தையாரிடம் கண்ட வழக்கப்படியே அவர் காலைதோறும் கிணற்று நீர் வார்த்தார். அது சோம்பலன்று, தவறான இடத்திற் செய்த நற்பழக்கம்.

இனி, புதிய வண்டியில் ஒழுக்கு மீண்டும் மீண்டும் நேர்தற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வாம். இவற்றுள் முதலில் தெளியத் தக்கது, ஒழுகுவது ரேடியேட்டர்தானா என்பது. குளிர்சாதனம் பூட்டிய வண்டியின் அடியிற் சொட்டும் தெளிந்த நீர், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிந்ததே. அதுகண்டு அஞ்சுதல் வேண்டா. கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம் முதலிய நிறமுடையது, வழுவழுப்பாக இருக்கும். அதனை நாவிலிட்டுச் சோதித்தல் கூடாது. எதிலீன் கிளைக்கால் கலந்த அத்திரவம் இனிக்கும் நஞ்சு. வழியிற் சிந்தியதைக் குழந்தைகளோ நாயோ பூனையோ சுவைப்பின் உயிர்க்கு இடராம். நிறமுள்ள திரவமே சொட்டுகின்றது என்று கண்ட பின்னும், அது ரப்பர்க் குழாயின் இறுக்கு வளையத்தினின்றா, நீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளையினின்றா, ரேடியேட்டரினின்றா என்று காண்டல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், கையாற் காற்றடிக்கும் சோதனைப் பம்பு ஒன்றை மூடி இருக்கும் வாயிற் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவிற்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுவைப்பர். முள் இறங்கின் ஒழுக்கு உண்டு; அப்போழ்து கசியும் இடமும் கண்ணுக்குப் புலனாகும்.

காரணங்களுள் முதலாவது மிகையான அழுத்தம். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அழுத்தத்தை அளந்து காக்கும் வாயிலோன். பெரும்பாலான வண்டிகளில் அது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே நிறுத்தும். அதனால் 100 பாகையிற் கொதிக்க வேண்டிய நீர் 120 பாகை அளவிலேயே கொதிக்கும். அழுத்தம் வரம்பு கடக்கின் மூடியிலுள்ள வில் இளகி, மிகையானதை வெளியிலுள்ள தொட்டிக்கு விடும். எஞ்சின் குளிருங்கால் மற்றொரு சிறு வால்வு திறந்து, வெளிச்சென்றதை உள்ளே வாங்கும். வில் இறுகிப்போயின், அழுத்தம் வடிய வழியின்றி இணைப்புகளைப் பிளக்கும். சிறு வால்வு அடைபடின், குளிர்ந்த எஞ்சினின் மேற்குழாய் சப்பையாய் ஒட்டியிருக்கும். மூடியின் விலை அற்பம். ரேடியேட்டர் மாற்றுவார் மூடியையும் உடன் மாற்றுதல் அறிவுடைமை.

மூடி நன்றாயிருந்தும் அழுத்தம் மிகுமாயின், சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கட்டை ஐயுறல் வேண்டும். அது கசியின் எரிந்த வாயு நீருட் புகும். குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய சில நொடிகளுக்குள்ளாகவே மேற்குழாய் கல்லெனக் கடினமாதலும், தொட்டியிற் குமிழிகள் ஓயாது எழுதலும் அதன் அறிகுறிகள். அவ்வாயுவை அறிதற்கென்று ஒரு நீலத் திரவம் உண்டு. எரிவாயு படின் அது மஞ்சளாக மாறும். இக்குறை இருக்குங்கால் எத்துணை ரேடியேட்டர் மாற்றினும் பயனில்லை.

இரண்டாவது காரணம் திரவத்தின் தீமை. கூலண்ட் என்பது கிளைக்காலும் தூய நீரும் ஏறக்குறையச் சம அளவிற் கலந்தது; அதனோடு துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகள் சேர்க்கப்பெற்றிருக்கும். பனியில்லாத நம் நாட்டிற்குக் கூலண்ட் எற்றுக்கு என்பாரும் உளர். உறையாமற் காத்தல் அதன் பணிகளுள் ஒன்றே. கொதிநிலையை உயர்த்தலும், உலோகத்தைக் காத்தலும் நமக்கும் வேண்டுவனவே. நம் பக்கத்துக் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிக்கவை. சுண்ணாம்பு குழலினுட் படிந்து வெப்பம் வெளியேறாது தடுக்கும். உப்பு அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைக்கும். ஆதலின் வடித்து எடுத்த நீரையே கலத்தல் வேண்டும். வெவ்வேறு வகைக் கூலண்டுகளை ஒன்றாகக் கலத்தலும் நன்றன்று. நிறம் ஒன்றாயிருத்தல் வகை ஒன்று என்பதற்குச் சான்றாகாது. தடுப்பு மருந்து காலப்போக்கில் தேயுமாதலின், வண்டியின் கையேட்டிற் குறித்த ஆண்டுக்கொரு முறை முழுதும் வடித்துவிட்டுப் புதியது நிரப்பல் வேண்டும்.

மூன்றாவது காரணம் அதிர்ச்சி. ரேடியேட்டர் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருக்கும். மாற்றுங்கால் ஒரு மெத்தை கீழே விழுந்து, 'போகட்டும்' என்று விடப்பெற்றிருப்பின், சாலையின் குலுக்கமெல்லாம் பிளாஸ்டிக் தொட்டியின் மடிப்பிலே சென்று தாக்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்திருப்பினும், எஞ்சின் ஆடுந்தோறும் குழாய் ரேடியேட்டரின் கழுத்தை இழுக்கும். இத்தகைய ஒழுக்கு பெரும்பாலும் மடிப்பிலோ கழுத்திலோ விரிசலாகத் தோன்றும். நான்காவது, பொருளின் தாழ்வு. உரிய அளவினதல்லாத, மலிந்த மாற்றுப்பொருளைப் பூட்டின் அது விரைவில் ஒழுகுதல் வியப்பன்று. ஐந்தாவதாகிய காரணத்தைச் சிறிது பின்னர்க் கூறுவாம்.

இவ்விடத்து ஒரு வழக்கத்தைக் கண்டித்தல் எம் கடன். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுதல் நம் ஓட்டுநரிடையே பரவியுள்ள கைமருந்து. கடைகளில் விற்கும் ஒழுக்கடைக்கும் மருந்துகளும் அதன் உடன்பிறப்புக்களே. நள்ளிரவில் ஆளில்லாச் சாலையில் அடுத்த ஊர் வரை செல்ல அது உதவுதல் மெய், யாம் மறுக்கவில்லை. ஆயின் துளையைக் கண்டு அடைக்கும் அறிவு மஞ்சளுக்கு இல்லை. அது நுண்குழல்களிலும் சென்று தங்கி, குளிர்விக்கும் ஆற்றலைக் குறைக்கும். வீடு சேர்ந்த பின்னும் அதனையே நம்பியிருப்பார், ஒழுக்கை நீக்கி எஞ்சினை இழப்பர். கொதிக்கும் எஞ்சினின் மூடியைத் திறத்தல் அதனினும் கொடிது. அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் ஒரு நொடியில் ஆவியாகி முகத்தில் அறையும். கை பொறுக்கும் அளவிற்குக் குழாய் குளிர்ந்தாலன்றி மூடியைத் தொடல் ஆகாது. மற்றொன்று: நீர் மிகவும் குறைந்த வழி, வெப்பம் அளக்கும் கருவி நீரிற் படாது நிற்குமாதலின், முள் தாழ்ந்தே காட்டுதலும் உண்டு. முள் தாழ்ந்துள்ளது என்று நம்பி ஓட்டுதல் கேட்டிற்கு ஏதுவாம்.

இனி எம் சிற்றப்பாவின் வண்டிக்கு வருவாம். விற்பதற்கு ஆள் பேசி முடித்த வாரத்தில், பௌதிக நூல் பயிலும் எம் நண்பர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். யாம் கதையைக் கூற, அவர் வண்டியைக் காணாமலே, "கழற்றிய ரேடியேட்டர்கள் எங்கே?" என்று வினவினார். முதலாவதைப் பட்டறையினர் கொண்டுவிட்டனர். மற்றை இரண்டும் வீட்டின் பின்புறம் கிடந்தன. இரண்டிலும் மடிப்பு நலமாகவே இருந்தது. விரிசல் எங்கும் இல்லை. இடப்புறக் குழல்களில், உட்புறத்தினின்று அரித்த ஊசித் துளைகள், ஓரிடத்தே கூட்டமாக இருந்தன. "கல் அடித்திருப்பின் துளை வெளியினின்று தோன்றும், குலுக்கமாயின் விரிசல் காணும். நீர் மட்டுமே குற்றவாளியாயின், நல்ல கூலண்ட் ஊற்றிய மூன்றாம் ரேடியேட்டர் முந்தியதினும் விரைவில் கெட்டது ஏன்? ஒரே இடத்தில் ஒரே வகையான துளைகள். இஃது ஒரே காரணத்தின் கையெழுத்து" என்றார். ஐந்தாவது காரணமாகிய மின்னரிப்பை அவர் ஐயுற்றார்.

மின்னரிப்பாவது யாது? வண்டியின் விளக்கு முதலிய மின்கருவிகளிற் புகும் மின்சாரம், பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பிச் செல்லல் வேண்டும். அதற்கு எர்த் என்னும் கம்பி, வண்டியின் உடலோடு இறுகப் பிணிக்கப்பெறும். அப்பிணிப்புத் தளர்ந்தாலும், துருப்பிடித்தாலும், தகாத இடத்திற் கட்டப்பெற்றாலும், மின்சாரம் தனக்கு வேறு வழி தேடும். ரேடியேட்டரும் அதனுள் ஓடும் திரவமும் எஞ்சினும் அவ்வழியாதல் உண்டு. மின்சாரம் அலுமினியத்தை விட்டுத் திரவத்திற் புகும் இடத்தில், உலோகத்தின் அணுக்களையும் உடன்கொண்டு செல்லும். முலாம் பூசுவார் தொட்டியிற் செய்யும் வேலையே ஈண்டு நம் அறிவின்றி நடைபெறும். நாடோறும் சிறிது சிறிதாக அரிபட்டு, மெல்லிய சுவர் சில மாதங்களில் துளையுறும். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலின், அது கலந்திருப்பின் அரிப்பு விரையும்.

இதனைச் சோதிக்கும் முறை எளிது; கடைகளிற் சிறு விலைக்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து, கருவியின் கறுப்புக் கம்பியைப் பாட்டரியின் எதிர்முனையிலும், சிவப்புக் கம்பியின் முனையை உலோகத்திற் படாதவாறு திரவத்திலும் வைத்தல் வேண்டும். ரேடியேட்டரில் மூடியில்லாத வண்டிகளில், திரவம் ஓடும் வெளித்தொட்டியில் வைக்கலாம். பின்னர் எஞ்சினை முடுக்கி, விளக்கு, விசிறி, குளிர்சாதனம், இசைப்பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிக் காண்க. ஒரு வோல்ட்டிற் பத்தில் ஒரு பங்காகிய 0.1 என்னும் அளவினைக் கடவாதிருத்தல் நலம், 0.3 என்பதனைக் கடப்பின் அலுமினியத்திற்குத் தீங்கு என்பது இத்தொழில் வல்லார் கொள்கை. எக்கருவியை இயக்குங்கால் எண் ஏறுகின்றதோ, அதன் எர்த் கம்பியே குற்றமுடையது. எல்லாவற்றையும் நிறுத்திப் பாட்டரியைக் கழற்றிய பின்னும் எண் தாழாதாயின், கூலண்டின் மருந்து தேய்ந்து, அத்திரவமே ஒரு மின்கலம் போல் ஆகிவிட்டது என்று கொள்க. அதனை வடித்து மாற்றுதலே தீர்வு.

நண்பர் அங்ஙனமே செய்தார். எஞ்சின் மட்டும் ஓடுங்கால் 0.04. முன்விளக்கை ஏற்ற, மாற்றமில்லை. விசிறி சுழல, மாற்றமில்லை. சிற்றப்பா கைகட்டி நின்று, எண்களையே நோக்கியிருந்தார். இறுதியாக, மலைப்பாதையின் மூடுபனிக்கென்று கீழே பூட்டியிருந்த இரு விளக்குகளை ஏற்றியவுடன் 0.47 என்று காட்டிற்று. அணைத்தார், 0.04. மீண்டும் ஏற்றினார், 0.47.

அவ்விளக்குகள் வண்டியோடு வந்தவையல்ல. எட்டாம் மாதத்தில் ஒரு கடையிற் பூட்டுவித்தவை. அவற்றின் எர்த் கம்பியைப் பின்பற்றிச் சென்றோம். ரேடியேட்டரின் இடப்புறத் தாங்கியிலுள்ள போல்ட்டில் அது முடுக்கப்பெற்றிருந்தது. ரேடியேட்டரோ ரப்பரின் மேல் அமர்ந்தது. அத்தாங்கி வண்டியின் உடலைத் தொட்ட இடத்தில் வண்ணமும் துருவும் இடையே நின்றன. ஆதலின் மின்சாரத்தின் பெரும்பகுதி இடர்ப்பட்டு அவ்வழியே செல்ல, ஒரு சிறு பகுதி திரவத்தின் வழியே எஞ்சினுக்குச் சென்றுகொண்டிருந்தது. அவ்விளக்குகள் தொடக்கமுதலே சற்று மங்கலாக எரிந்தன என்பது அப்பொழுதுதான் சிற்றப்பாவின் நினைவிற்கு வந்தது. இதில் எம் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது யாதெனின், ஒவ்வொரு முறையும் பழைய ரேடியேட்டரைக் கழற்றிய மெக்கானிக், அக்கம்பியையும் கவனமாகக் கழற்றி, புதியதைப் பூட்டியபின் அதே கவனத்தோடு மீண்டும் அதே இடத்தில் முடுக்கி வைத்திருக்கின்றார். நோயாளி மாறினார், நோய் மாறவில்லை. இரவுப் பயணம் மிகுந்த கோடை விடுமுறையில் மூன்றாவது ரேடியேட்டர் விரைந்து கெட்டதன் காரணமும் விளங்கிற்று.

கம்பியை அவ்விடத்தினின்று நீக்கி, வண்ணத்தைச் சுரண்டிய உடற்சட்டத்தில் இறுகப் பிணித்தோம். செலவு ஒரு போல்ட்டும் இரண்டு முழக் கம்பியும். விளக்குகள் முன்னினும் ஒளிவிட்டன, எண் 0.04-இலேயே நின்றது. கிணற்று நீர் எஞ்சியிருத்தல் கூடுமென்று உள்ளிருந்ததனைத்தையும் வடித்து, தூய நீராற் கழுவி, புதிய ரேடியேட்டரும் கூலண்டும் மூடியும் இட்டனர். பதினொரு மாதங்கள் கழிந்தன. வண்டி சிற்றப்பாவிடமே இருக்கின்றது. தரை உலர்ந்தே இருக்கின்றது.

புதிய வண்டியில் இத்துன்பம் உறுவார்க்குச் சில சொற்கள். ஒழுகும் நாள், ஓடிய கிலோமீட்டர், துளை இருந்த இடம், ஊற்றிய திரவம் ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டிற் குறித்து வருக. கழற்றிய பொருளைக் கேட்டுக் கண்ணாற் காண்க. இயலுமேற் புகைப்படம் எடுத்து வைக்க. உத்தரவாத வேலைக்குரிய சீட்டில், 'சரிசெய்யப்பட்டது' என்பதோடு நில்லாது, 'காரணம் யாது' என்பதனையும் எழுதித் தருமாறு வேண்டுக. குறை செய்தாரிடத்தே உள்ளது என்று தெளிந்தும் அவர் செவிசாயாராயின், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை ஈராண்டுக்குள் நாடலாம். வாடகை வண்டியாயினும், தம் கைத்தொழிலாக ஓட்டிப் பிழைப்பார்க்கு அச்சட்டம் இடமளிக்கின்றது. ஆயின், நம் கையாற் பூட்டுவித்த விளக்கின் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றி வழக்காடச் செல்லாமை நன்று. எம் சிற்றப்பா வழக்கறிஞர் ஒருவரைக் காண நாள் குறித்திருந்தார் என்பதனை ஈண்டு நாணத்தோடு சொல்லுகின்றோம்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறையைத் தேர்விற்கென்று யாம் பலகால் எழுதியிருக்கின்றோம். உரைகாரர் கூறிய நயங்களையும் வரிசையாக ஒப்பிக்க வல்லேம். எனினும் எம் வீட்டு வாயிலில் வண்டி ஒழுகியபோது, அம்முறையைக் கையாண்டவர் அந்நூலைப் பாடமாகக் கொள்ளாத பௌதிக மாணவரே. துளையை அடைப்பாரும், ரேடியேட்டரை மாற்றுவாரும், வேளையை நோவாரும், வண்டியை விற்பாருமாக யாம் அனைவரும் 'எங்கே ஒழுகுகின்றது' என்று மட்டுமே வினவினோம். அவர் ஒருவரே 'ஏன் மீண்டும் அங்கேயே ஒழுகுகின்றது' என்று வினவினார். படித்தது பயன்படுதற்கு அச்சிறு சொல் ஒன்று எம்மிடம் குறைவாயிருந்தது.

சென்ற விடுமுறையில் யாம் ஊர் சென்றபோது, சிற்றப்பா வண்டியின் முன் குனிந்து நின்றிருந்தார். அஞ்சி அருகிற் சென்றோம். அவர் கையில் நீர்ச் செம்பு இல்லை, மல்டிமீட்டர் இருந்தது. பக்கத்துத் தெரு ஓட்டுநர் ஒருவருடைய புதிய வண்டிக்குச் சோதனை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.